கப்பலில் அளவாகச் சாப்பிட வழி உண்டா?

கேள்வி: ஜனவரி 9

அடுத்த மாதம் நான், மனைவி, அம்மா மூவரும் ஏழு நாள் சொகுசுக் கப்பலில் போகிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். எனக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போய்வந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டுப் படங்களைத்தான் காட்டுகிறார்கள். ஒன்றிலாவது பச்சைக் காய் கண்ணில் படவில்லை. கப்பலில் உடம்புக்கு ஆகிற சாப்பாடே கிடைக்காது என்று முடிவுகட்டிவிட்டேன். தப்பென்றால் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

தப்புதான் தம்பி. கிடைக்கும். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், ஒன்று ஏழு நாள், இன்னொன்று பத்து நாள். முதல் தடவை மூன்று கிலோ கூடித் திரும்பினேன். அந்தக் கப்பலிலும் பஃபேயில் ஒரு முழு மேசைக்கு இலையும் காயும் பழமுமாக அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

படத்தில் காய் இல்லாததற்குக் காரணம் வேறு. வெள்ளரிக்காயை யார் படம் எடுப்பார்கள்?

ஜனவரி 10

நேற்று தூக்கத்தில் எழுதியது. இன்று கொஞ்சம் விவரமாக.

எனக்குப் பிரஷர், தினமும் மாத்திரை. அதனால் சர்க்கரையைவிட உப்பைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று முறைதான் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறோம், அதுவும் அடுப்பில் என்ன இருக்கிறதோ அதற்குள். கப்பலில் காலையில் கேபின் கதவைத் திறந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை யாராவது எதையாவது நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் பஃபே மேல்தளத்தில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். குளிக்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு வெளியே ஐஸ்கிரீம் மெஷின், கொஞ்சம் தள்ளிப் பர்கர், நள்ளிரவு தாண்டியும் பீட்சா. ஒவ்வொன்றையும் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். காலையில் நாலு வேண்டாம் சொல்கிற தெம்பு எனக்கு உண்டு. சாயங்காலத்துக்குள் அது தீர்ந்துவிடும்.

இதற்கு மேல் "காசு கட்டியாச்சே" என்கிற நினைப்பு வேறு. எங்கள் வீட்டுக்காரர் முதல் நாள் மதியம் மூன்றாவது தட்டோடு வந்து உட்கார்ந்து, "விட்டுட்டுப் போனா கப்பல்காரனுக்குத்தான் லாபம்" என்றார். பந்திக்கு முந்து என்று சொன்னவர்கள் பந்தி இருபது மணி நேரம் நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

என் யோசனை ஒன்றுதான்: பஃபே பக்கமே போகாதீர்கள். மூன்று வேளையும் பெரிய டைனிங் ஹாலில் உட்கார்ந்து மெனு பார்த்துச் சாப்பிடுங்கள்.

ஜனவரி 11

"பஃபேயில் அப்படி என்ன தப்பு, மனக்கட்டுப்பாடு வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனக்கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை ஐயா. 1981இல் பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே மாதிரி சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு வித உள்ளீடு வைத்த சாண்ட்விச் கொடுத்தபோது ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள். ஒரு ருசி அலுத்துப்போனாலும் அடுத்த ருசிக்கு நாக்கு புதிதாகத் தயாராகிவிடுகிறது. வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு மட்டும் தனியாக ஓர் அறை திறக்கிறதே, அதுதான் இது. வெறும் நாலு வகைக்கே அப்படி என்றால், பஃபேயில் எத்தனை வகை என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, சின்னத் தட்டாக எடுங்கள். தட்டு சின்னதானால் தானாகவே குறைவாகச் சாப்பிடுவோம் என்று ஆராய்ச்சியே இருக்கிறது.

ஜனவரி 12

சின்னத் தட்டு விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். அந்த ஆராய்ச்சியை அப்படியே நம்ப முடியாது என்று மேலே ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. தட்டு, கிண்ணம், பொட்டலத்தின் அளவு பற்றிப் பிரபலமாகப் பேசிவந்தவர் பிரையன் வான்சிங்க். 2018இல் ஜாமா குழும மருத்துவ இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன. அவர் பேராசிரியராக இருந்த கார்னெல் பல்கலைக்கழகம் விசாரித்து, ஆய்வு நெறி மீறல் நடந்தது என்று சொல்லிவிட்டது. தட்டைப் பற்றிய கட்டுரையும் அந்த ஆறில் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் "ஆராய்ச்சியே இருக்கிறது" என்று நெஞ்சு நிமிர்த்தி எழுதியதற்கு இது போதும்.

சொந்த அனுபவமும் எனக்கு எதிராகத்தான். சின்னத் தட்டு எடுத்த அன்று நாலு நடை போனேன். ஒவ்வொரு நடையிலும் வழியில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது.

ஜனவரி 13

அம்மாவின் இன்சுலின் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். என் நாத்தனார் இன்சுலின் போடுகிறவர், இரண்டாவது பயணத்தில் எங்களோடு வந்தார். அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இந்த இழையில் உங்களுக்கு நிஜமாகவே உதவப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

கேபினில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம். பல கப்பல்களில் அது பானத்தை லேசாகக் குளிர வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். மருந்து வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் தனி ஃபிரிட்ஜ் தருவார்கள். ஊசி போட்டு முடித்ததும் போடுவதற்கு மூடியுள்ள டப்பாவும் கேட்டால் கிடைக்கும். குப்பைக்கூடையில் ஊசியைப் போட்டால் அறை துடைக்க வருகிற பையன் கையில் குத்தும்.

இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி இருந்தால் முதல் பந்தியைக் கேளுங்கள். இரண்டாவது பந்தி பெரும்பாலும் எட்டு மணி வாக்கில்தான் தொடங்கும், முடியப் பத்தாகும். அதோடு டைனிங் ஹாலில் உட்கார்ந்த உடனே சாப்பாடு வந்துவிடாது. நாத்தனார் முதல் நாள் வீட்டுப் பழக்கத்தில் கேபினிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மெனு கொடுத்து, ஆர்டர் எடுத்து, பக்கத்து மேசையில் பிறந்தநாள் பாட்டுப் பாடி முடித்து, முதல் தட்டு வர நாற்பது நிமிடம். அதற்குள் அவருக்குக் கை நடுங்கி வேர்த்துவிட்டது. நல்லவேளை, மேசையில் ரொட்டிக்கூடையும் கையில் குளுக்கோஸும் இருந்தன. மறுநாளிலிருந்து தட்டு கண்ணில் பட்ட பிறகுதான் ஊசி. எந்த நேரத்தில் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இன்சுலினுக்கு இன்சுலின் வித்தியாசம் உண்டு.

சில பயணங்களில் நடுவழியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னேயோ பின்னேயோ மாற்றுவார்கள். அதற்கு முந்தின நாள் இரவே அறிவிப்பு வரும். அன்றைக்குச் சாப்பாட்டு இடைவெளி மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜனவரி 15

என்னுடைய 10ஆம் தேதிக் குறிப்பை நானே திரும்பப் படித்தேன். "பஃபே பக்கமே போகாதீர்கள்" என்று எவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறேன்! உண்மையில் இரண்டாவது பயணத்தில் நான் செய்தது அப்படியில்லை. எழுதுகிற வேகத்தில் முதல் பயணத்தின் கோபம் வந்துவிட்டது.

டைனிங் ஹாலிலும் ஒரு கண்ணி உண்டு. மெனுவில் "வேகவைத்த காய்கறிகள்" என்று படித்து, ஆஹா என்று வரவழைத்தால், எல்லாம் வெண்ணெயில் பளபளக்கும். மீன் மேல் சாஸ், அடியில் இன்னொரு சாஸ். சூப்பும் சாஸும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சேர்த்துப் பெரிய அண்டாக்களில் முன்கூட்டியே செய்துவிடுவார்கள். அதில் போட்ட உப்பை உங்களுக்காக யாரும் எடுக்க முடியாது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. சூப், ரொட்டி, சீஸ், பதப்படுத்திய இறைச்சி என்று ஒரு சாப்பாட்டிலேயே அந்த டீஸ்பூன் கரைந்துவிடும், உப்புக்கரிக்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஐந்தாம் நாள் என் மோதிரம் கழலவில்லை. அன்றைக்குத்தான் வாயைத் திறந்து கேட்டேன்.

கேட்பதற்கு அவ்வளவு கூச்சம். ஊரெல்லாம் விருந்து சாப்பிடுகிற இடத்தில் "உப்பில்லாமல் கொடுங்கள்" என்றால் என்ன நினைப்பார்களோ என்று. வெயிட்டர் ஒன்றுமே நினைக்கவில்லை. தலைமை வெயிட்டரைக் கூப்பிட்டார், அவர் மறுநாள் இரவுக்கான மெனுவை அப்போதே கையில் கொடுத்து, "இதில் எது வேண்டும், குறித்துக் கொடுங்கள், உங்களுக்குத் தனியாகச் செய்துவிடுகிறோம்" என்றார். பல கப்பல்களில் இது வழக்கமாக நடக்கிற ஏற்பாடுதான். எனக்குத் தெரியாமல் நாலு நாள் போய்விட்டது. புறப்படுவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதிச் சொல்லிவிட்டால் முதல் இரவே தொடங்கிவிடலாம்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. நாளைய சாப்பாட்டை இன்று, வயிறு நிறைந்திருக்கும்போது தேர்ந்தெடுக்கிறோம். நிறைந்த வயிறு நல்ல ஆலோசகர். பசியோடு மெனு பார்க்கிறவள் வேறொருத்தி, அவளை நான் நம்புவதில்லை.

சரி, பஃபேக்கு வருகிறேன். காலையில் அதுதான் மேல். டைனிங் ஹாலில் காலை உணவு என்றால் தட்டில் என்னென்ன சேர்ந்து வரும் என்று தெரியாது. பஃபேயில் கண்ணெதிரே இருக்கிறது: பழம், தயிர், அவித்த முட்டை, ஓட்ஸ். எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். முதலில் வெறும் கையோடு ஒரு சுற்று, பார்ப்பதற்கு மட்டும். இரண்டாவது சுற்றில்தான் தட்டு. இது ஆராய்ச்சி இல்லை, நான் கண்ட வழி.

ஆக, காலை பஃபே, இரவு டைனிங் ஹால். மதியம் எங்கே என்று கேட்காதீர்கள், மதியம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜனவரி 15, கொஞ்சம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. மெனுவில் ஒரு ஓரத்தில் "தினமும் கிடைக்கும்" என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். சும்மா சுட்ட கோழி, சுட்ட மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி. அலுப்பூட்டும் பட்டியல். அதுதான் என்னைக் காப்பாற்றியது. சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். முதன்மை உணவுக்குப் பதில் இரண்டு முன்னுணவாக வாங்கிச் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஜனவரி 17

"காலையில் கிரேப்ஃப்ரூட் பாதி சாப்பிடுங்கள், கொழுப்பு கரையும்" என்று மேலே ஒரு அன்பர் எழுதியிருக்கிறார். கொழுப்பு கரைகிறதோ இல்லையோ, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருங்கள். பெயரைப் பார்த்துத் திராட்சை என்று நினைத்துவிட வேண்டாம். இது ஆரஞ்சுக்கு அண்ணன் மாதிரி பெரிதாக, லேசான கசப்போடு இருக்கும் பழம். கப்பல் காலை பஃபேயில் பாதியாக வெட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். இதில் இருக்கிற சில பொருள்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். அதனால் சிம்வாஸ்டாட்டின், அடார்வாஸ்டாட்டின் மாதிரியான கொலஸ்ட்ரால் மாத்திரைகளும் நிஃபெடிபைன், ஃபெலோடிபைன் மாதிரியான பிரஷர் மாத்திரைகளும் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறலாம். பம்பளிமாஸும் இதே குடும்பம்தான். உங்கள் மாத்திரைக்கு இந்த எச்சரிக்கை உண்டா என்று மருந்துக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் முதல் பயணத்தில் மூன்று நாள் அதைத்தான் சாப்பிட்டேன், ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டு. என் மாத்திரைக்கு அதனால் கெடுதல் இல்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 18

"ஒரு வாரம்தானே அக்கா, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்." சரி, கணக்குப் போடுவோம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். நான் மூன்று கிலோ கூடினேன். அத்தனையும் கொழுப்பென்றால் ஏழு நாளில் 23,100 கலோரி, நாளுக்கு 3,300. வழக்கமாகச் சாப்பிடுவதற்கும் மேலே! ஒன்றரை ஆள் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகத் தள்ளியிருக்க வேண்டும். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை.

அதில் பெரும்பங்கு தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவும் சர்க்கரையும் தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து ஒரே வாரத்தில் இரண்டு கிலோ தானாக இறங்கியது. ஆகவே இறங்கியவுடன் எடை மெஷினில் ஏறி அழ வேண்டாம்.

மூன்றாவது கிலோ? அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

ஜனவரி 19

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர், "அப்படின்னா சாப்பிடலாம்னுதானே எழுதியிருக்கே" என்கிறார். இல்லை. பிரஷர் இருப்பவருக்கு அந்தத் தண்ணீரே பிரச்சினைதான். மோதிரக் கதையை மறந்துவிட்டார்.

ஜனவரி 21

குடிபானம் பற்றிக் கேட்டவருக்கு: மதுவில் ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி, சர்க்கரைக்கு 4, கொழுப்புக்கு 9. குடை குத்திய கலர் கலரான பானத்தில் ஆல்கஹாலும் சர்க்கரையும் கூட்டுச் சேர்ந்துவிடுகின்றன. அளவில்லாத பானத் திட்டம் வாங்கினால் மறுபடியும் "காசு கட்டியாச்சே". வேறென்ன சொல்ல.

ஜனவரி 22

கரைக்கு இறங்கும் நாளில் பசிக்குமே என்று பஃபேயிலிருந்து ஒரு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டேன். இறங்குகிற இடத்தில் ஒரு நாய் வந்து என் பைக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தது. செல்லமாக இருக்கிறதே என்று நான் தடவப் போனேன். அதிகாரி தடுத்துப் பையைத் திறக்கச் சொன்னார். பழத்தோடு பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று பல நாடுகளில் கப்பலிலிருந்து பழம், காய், இறைச்சி இறக்கத் தடை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் ரொம்பக் கண்டிப்பு, அபராதமே போடுவார்கள். எனக்கு ஆப்பிளோடு போயிற்று.

அம்மாவுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் கொடுப்பதற்குக் கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட்டும் குளுக்கோஸ் மாத்திரையும் எடுத்துப் போங்கள், கேட்டால் காட்டிவிடுங்கள்.

ஜனவரி 23

கை கழுவுவதைப் பற்றி யாருமே எழுதவில்லை. ஆரோக்கியச் சாப்பாடு என்று பேசிக்கொண்டு இதை விட்டால் எப்படி? கப்பலில் வாந்தி பேதியைக் கிளப்புவது பெரும்பாலும் நோரோவைரஸ். பஃபே வாசலில் வைத்திருக்கிற சானிடைசர் அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும்தான், இருபது விநாடி. நூறு பேர் பிடித்த கரண்டியைப் பிடித்துவிட்டு அதே கையால் ரொட்டியைப் பிய்க்க வேண்டாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுத்தத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே என்றால் ஃபெயில். உங்கள் கப்பல் அந்தப் பக்கம் போவதானால் மதிப்பெண்ணைத் தேடிப் பார்க்கலாம்.

ஜனவரி 25

கடல் கொந்தளித்த ஒரு நாள் மட்டும் நான் சரியாகச் சாப்பிட்டேன்: காய்ந்த பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி மிட்டாய். அன்று பஃபேயில் கூட்டமே இல்லை என்று நாத்தனார் வந்து சொன்னார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று தட்டு சாப்பிட்டிருக்கிறார்.

லிஃப்ட்டை விட்டுப் படியில் ஏறச் சொல்லி மேலே எழுதியவரை வழிமொழிகிறேன். முழங்கால் ஒத்துழைத்தால்.

பிப்ரவரி 26

தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார், படித்தேன். அம்மாவுக்கு முதல் பந்தி கிடைத்ததும், தனி ஃபிரிட்ஜ் வந்ததும் சந்தோஷம். இரண்டாம் நாளிலிருந்து அம்மாவே தலைமை வெயிட்டரைக் கூப்பிட்டு மறுநாள் மெனுவில் டிக் போட ஆரம்பித்துவிட்டாராமே, இவர் இனிப்புப் பக்கத்தைத் திறந்தால் "அதுல உனக்கு என்ன வேலை" என்று கேட்டாராமே. கூச்சமெல்லாம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

மதியத்துக்கு அவர் கண்டுபிடித்த வழியைக் குறித்துக்கொண்டேன்: கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில், எல்லாரும் ஊர் பார்க்க இறங்கிய பிறகு, காலி பஃபேயில் போய் உட்காருவது. வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, சாலட் மேசையில் நிதானமாக நின்று பார்க்கலாம். எனக்கு இது தோன்றவே இல்லை. ஆனால் அவர் எழுதியதில் ஒரு வரி உதைக்கிறது: அப்படிப் போன இரண்டு நாளும் ஐஸ்கிரீம் மெஷினுக்கும் வரிசை இல்லையாம்.